குன்னூர் உயரத்தில் பதினெட்டு மணி நேரம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கிளம்பும் எஸ்க்யூ 24 விமானம் ஓடுபாதையில் வந்து நிற்கும்போது, அதன் எடை 280 டன் வரை இருக்கலாம். அதில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருள். தொட்டிகள் முழுக்க நிரம்பினால் 1,65,000 லிட்டர். நிறுத்தால் சுமார் 130 டன். அந்த எரிபொருளில் ஒரு கணிசமான பங்கு எதற்கு எரிகிறது தெரியுமா? மிச்ச எரிபொருளைச் சுமப்பதற்கு. பதினேழாவது மணி நேரத்தில் எரிய வேண்டிய எண்ணெயை முதல் பதினாறு மணி நேரமும் சுமந்தாக வேண்டும். அந்தச் சுமைக்கும் எண்ணெய் செலவாகும்.

இடையில் எங்கும் இறங்காமல் 15,300 கிலோமீட்டருக்கு மேல், பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பறக்கிற ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் இது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த வகை விமானங்கள் ஏழு வைத்திருக்கிறது. 2018 அக்டோபரில் நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நியூவார்க்குக்கு இதை முதலில் விட்டார்கள். எண்ணெய்க்கு இடம் கொடுக்க எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால், ஆட்களை. அதே நிறுவனத்தின் மற்ற நெடுந்தூர ஏ350 விமானங்களில் 253 சீட். இதில் 161 மட்டுமே: பிசினஸ் கிளாஸில் 67, பிரீமியம் எகானமியில் 94. முன்பக்கச் சரக்கறையையும் மூடிவிட்டார்கள். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. எகானமி டிக்கெட்டில் இதே நிறுவனத்தின் விமானத்தில் நியூயார்க் போக நினைப்பவர் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறும் விமானத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

ஸ்கைட்ராக்ஸ் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பயணிகளிடம் கருத்துக் கேட்டு உலகின் சிறந்த விமான நிறுவனங்களை வரிசைப்படுத்துகிறது. 2023இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதலிடம். 2024இல் கத்தார் ஏர்வேஸ் முதலிடம், சிங்கப்பூர் இரண்டாவது. எனக்கு இந்த வரிசையில் பெரிய நம்பிக்கை இல்லை. தவறாக எண்ணிவிட்டார்கள் என்பதற்காக அல்ல. ஆறடி மூன்றங்குல இளைஞர், நுரையீரல் நோயுள்ள எழுபது வயதுப் பாட்டி, நான்கு மாதக் குழந்தை, சைவம் தவிர எதையும் தொடாத மாமி, இறங்கியதும் கூட்டத்துக்கு ஓட வேண்டிய அதிகாரி, எல்லாருடைய அனுபவத்தையும் ஒரே எண்ணாகக் கலக்கினால் அந்த எண் யாருக்கும் பொருந்தாது. பணிப்பெண்ணின் புன்னகையைக் காட்டிலும் விமானத்தின் உடற்கூடு எதனால் ஆனது என்பது சில பயணிகளுக்கு முக்கியம். அதைப் பற்றி எந்தத் தரவரிசையும் பேசுவதில்லை.

உடற்கூட்டிலிருந்தே தொடங்கலாம். விமானம் 40,000 அடியில் பறக்கும்போது வெளியே காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் காற்றில் மனிதன் சில நொடிகளில் நினைவிழப்பான். ஆகவே உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் தரைமட்ட அழுத்தம் வரை நிரப்புவதில்லை. கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 8,000 அடி மலையில் இருக்கும் அழுத்தத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. அதாவது பழைய வகை விமானத்தில் ஏறி உட்காருவது, உடம்பின் கணக்கில், அரை மணி நேரத்துக்குள் ஊட்டிக்கும் மேலே ஒரு மலைக்குப் போய்ச் சேருவது. ஏ350, போயிங் 787 இரண்டிலும் இந்த உச்சவரம்பு 6,000 அடி. அது குன்னூர். இலங்கை வாசகர்களுக்கு நுவரெலியா என்றால் விளங்கும்.

ஏன் எல்லா விமானங்களையும் குன்னூரிலேயே, முடிந்தால் மெரினாவிலேயே வைக்கக் கூடாது? உள்ளழுத்தம் கூடக்கூட உடற்கூட்டை வெளியே தள்ளும் விசையும் கூடும். குன்னூர் அழுத்தத்தை வைத்துக்கொண்டு 40,000 அடியில் பறந்தால், சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட விசை உள்ளிருந்து தள்ளும். ஒவ்வொரு முறை மேலேறும்போதும் விமானம் கொஞ்சம் உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. அலுமினியம் இதை வெகுகாலம் பொறுக்காது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

இந்தப் பாடத்தை உலகம் கற்ற கதையிலும் சிங்கப்பூர் வருகிறது. 1954 ஜனவரி 10 அன்று, சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் பல ஊர்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்த காமெட் என்ற ஜெட் விமானம், ரோமிலிருந்து மேலேறிய சிறிது நேரத்தில் எல்பா தீவுக்கு அருகே வானிலேயே உடைந்தது. அதில் இருந்த 35 பேரும் இறந்தார்கள். மூன்றே மாதத்தில் நேப்பிள்ஸ் அருகே இன்னொரு காமெட். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட் விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். கடைசியில் உடற்கூடு ஒரு திறப்பின் மூலையிலிருந்து கிழிந்தது. அதற்குப் பிறகுதான் உலோகக் களைப்பு என்பதை விமானப் பொறியாளர்கள் உயிர்ப்பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஏ350இன் எடையில் 53 சதவீதம் கரியிழைக் கலவைப்பொருள். 787இல் ஏறக்குறைய பாதி. இந்தப் பொருள் அலுமினியம்போல் எளிதில் களைப்பதில்லை, ஈரத்தில் அரிப்பதும் இல்லை. அதனால்தான் பயணியைக் கொஞ்சம் தாழ்வான மலையில் உட்கார வைக்க முடிகிறது.

சரி, இரண்டாயிரம் அடி வித்தியாசம் யாருக்கு உறைக்கும்? 8,000 அடியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் தரைமட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. அப்படியிருந்தும் பெரும்பாலோர் சாவகாசமாகப் படம் பார்த்துக்கொண்டு போகிறோம். காரணம் ஹீமோகுளோபினின் குணம். நுரையீரலில் ஆக்சிஜன் அளவு குறையத் தொடங்கினாலும் ஹீமோகுளோபின் முதலில் பிடி தளர்த்துவதில்லை. கால் பங்கு ஆக்சிஜன் குறைந்தாலும் ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு சில புள்ளிகள்தான் இறங்கும். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் மட்டும் சறுக்குப்பாறைபோல் விறுவிறுவென்று இறங்கும்.

போயிங் நிறுவனத்தின் செலவில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 502 பேரை அழுத்த அறைக்குள் விமான சீட்டில் 20 மணி நேரம் உட்கார வைத்து, வெவ்வேறு உயரங்களின் அழுத்தத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. 8,000 அடியில் ரத்த ஆக்சிஜன் செறிவு அதிகபட்சம் நான்கு புள்ளிக்குச் சற்று மேல் குறைந்தது. 7,000 அடியிலும் அதற்கு மேலும் வைக்கப்பட்டவர்களுக்கு உடல்வலி, சோர்வு போன்ற தொந்தரவுகள் கூடின. ஆனால் உடனே இல்லை. மூன்று முதல் ஒன்பது மணி நேரம் கழித்து. விமானம் விற்கும் நிறுவனமே செலவு செய்த ஆய்வு என்பதை மனதில் வைத்துக்கொண்டே படித்தாலும், இதில் பயணிக்கு உதவும் சேதி இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரத்துச் சொச்சம். நலமாக உள்ள ஒருவருக்கு அந்தத் தூரத்தில் ஊட்டியும் குன்னூரும் ஒன்றுதான். சிட்னிக்கோ லண்டனுக்கோ போகும்போதுதான் வித்தியாசம் உடம்பில் தெரியும்.

நுரையீரல் அடைப்பு நோய், கடும் ரத்தசோகை, இதயப் பலவீனம் உள்ளவர்கள் கதை வேறு. அவர்களில் பலர் தரையிலேயே அந்தச் சறுக்குப்பாறையின் விளிம்பில் நிற்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடும்போது விலையையும் இணைப்பு நேரத்தையும் பார்க்கிறான். டிக்கெட் பக்கத்திலேயே, விமான எண்ணுக்குக் கீழே, எந்த வகை விமானம் என்றும் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்ப்பவர் குறைவு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலேயே ஏ350, 787-10 இருக்கின்றன. 777, 737 இருக்கின்றன. பெயர் ஒன்று, மலை இரண்டு. மருத்துவரிடம் கேட்காமல் இப்படிப்பட்டவர்களை எந்த மலையிலும் ஏற்றக் கூடாது என்பது தனி.

இனி ஈரம். 40,000 அடியில் வெளிக்காற்று மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. அதில் நீராவி ஏறத்தாழ இல்லை. அந்தக் காற்றைத்தான் சூடாக்கி, அழுத்தி உள்ளே விடுகிறார்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கேபின் காற்று முழுவதும் மாறிவிடுகிறது. அப்படியானால் உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரப்பதம் எங்கிருந்து வருகிறது? நம் மூச்சிலிருந்து, தோலிலிருந்து. இதிலிருந்து கிளம்பும் விசித்திரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆட்கள் நெருக்கியடித்து உட்காரும் எகானமியில் ஈரம் கூடுதல். ஆளுக்கு ஓர் அறை மாதிரி இடம் விட்டிருக்கும் முன்பக்க வகுப்புகளில் ஈரம் குறைவு. பல மடங்கு பணம் கொடுத்தவர் சுவாசிப்பது அதிக வறண்ட காற்றை. கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் போடுபவர், பிசினஸ் கிளாஸ் கிடைத்தாலும் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மாறுவது நல்லது.

பிசினஸ் கிளாஸ் பற்றி இன்னொன்று. எஸ்க்யூ 24இல் உள்ள அந்த சீட் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு அகலம். ஆனால் அதைப் படுக்கையாக்க, எழுந்து நின்று முதுகுப் பலகையை முன்னே மடித்துக் கவிழ்க்க வேண்டும். கால் வைக்கும் பொந்து ஒரு மூலையில் இருப்பதால் கோணலாகத்தான் படுக்க முடியும். சராசரி உயரமுள்ளவர் சுகமாகத் தூங்குவார். ஆறடிக்கு மேற்பட்டவர் புரண்டு படுக்கும்போது சுவர் எங்கே என்று முழங்காலுக்குத் தெரிந்துவிடும்.

உயரம் என்றால் எல்லாரும் நெட்டையானவர்களுக்காகத்தான் பரிதாபப்படுகிறார்கள். குட்டையானவர்களை யாரும் நினைப்பதில்லை. நெடுநேரம் உட்கார்ந்திருப்பதால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து பற்றி நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 190 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவர்களுக்குப் பயணத்தில் ஆபத்து கூடுவது தெரிந்தது. எதிர்பார்த்ததுதான். கூடவே, விமானப் பயணத்தில் மட்டும், 160 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கூடியது. பாதம் தரையில் படியாமல் தொங்கினால் சீட்டின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னே அழுத்தும். அங்கேதான் காலிலிருந்து திரும்பும் ரத்தக்குழாய் ஓடுகிறது. நம் வீட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இந்த உயரக் கணக்குக்குள் வந்துவிடுவார்கள். பயப்படும்படியான அளவு அல்ல: நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஆபத்து இரண்டு மடங்காகிறது, ஆனாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் இடைவெளி 32 அங்குலம், பிரீமியம் எகானமியில் 38 என்று விளம்பரங்கள் பேசும். ஐந்தடிப் பாட்டிக்கு அந்த ஆறு அங்குலத்தால் ஒரு பயனும் இல்லை. அவருக்குத் தேவை கால் வைக்க ஒரு பலகை. கைப்பையை முன்சீட்டின் அடியில் வைத்து அதன்மேல் பாதத்தை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். விமானச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று சமையல்காரரைத் திட்டுவது நியாயமில்லை. ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடம், லுஃப்தான்சா நிறுவனத்துக்காக, ஒரு பழைய விமானத்தின் உடற்கூட்டுத் துண்டை அழுத்த அறைக்குள் வைத்து ஆட்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தது. உப்பும் இனிப்பும் கணிசமாக மங்கின. வறண்ட மூக்கில் மணம் ஏறாது. மணமில்லாமல் ருசி பாதிதான். சத்தத்துக்கும் பங்கு உண்டு. விமான இரைச்சல் சுமார் 85 டெசிபல். அந்த அளவு இரைச்சலைக் காதில் விட்டால் இனிப்பு மங்குகிறது, தக்காளி, காளான், சோயா போன்றவற்றில் இருக்கும் உமாமி என்ற சுவை மட்டும் தூக்கலாகத் தெரிகிறது என்று கார்னெல் பல்கலைக்கழகம் 2015இல் காட்டியது. தரையில் தக்காளிச் சாற்றைத் திரும்பியும் பார்க்காதவர்கள் மேலே போனதும் ஏன் அதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள் என்ற பழைய புதிருக்கு இது ஒரு விடை.

நம் சமையலுக்கு இதில் கொஞ்சம் அனுகூலம் இருக்கிறது என்பது என் கட்சி. புளி, மிளகாய், சீரகம், பெருங்காயம் போட்ட குழம்பு மங்கினாலும் குழம்பாகவே இருக்கும். வெண்ணெயில் வதக்கிய மீன் மங்கினால் ஒன்றுமே இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் இந்தியச் சைவ உணவை முன்கூட்டியே சொல்லி வாங்கலாம். ஆனால் பதிவு செய்யும்போது கவனம் வேண்டும். விமான நிறுவனங்களின் பட்டியலில் ‘இந்து உணவு’ என்று ஒரு வகை இருக்கும். அது சைவம் அல்ல. மாட்டிறைச்சி இல்லாத அசைவம். பெயரைப் பார்த்து அதை டிக் செய்துவிட்டு, மேலே போய்க் கோழியைப் பார்த்து முழிப்பவர்கள் உண்டு. பருப்பு, கோஸ், மொச்சை வேண்டாம் என்று வயிற்றுத் தொந்தரவு உள்ளவர்கள் சொல்லிவிடலாம். ஊட்டி உயர அழுத்தத்தில் வயிற்றுக்குள் இருக்கும் வாயு மூன்றில் ஒரு பங்கு விரியும், குன்னூரில் கால் பங்கு. சிப்ஸ் பாக்கெட் உப்புவதை அங்கேயே பார்க்கலாம்.

குழந்தை அழுவது பெரும்பாலும் இறங்கும்போது. நடுக்காதுக்குள் காற்று திரும்ப நுழையும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகல், படுத்தவாக்கில் வேறு இருக்கும். விழுங்கினால் திறக்கும். ஏறும்போதே பால் கொடுத்துத் தூங்க வைத்துவிடாமல், இறங்கத் தொடங்கும் நேரத்துக்கு ஒரு பாட்டில் மிச்சம் வையுங்கள். இதில் எந்த நிறுவனத்துக்கும் மார்க் போட ஒன்றுமில்லை.

வழி என்று ஒன்று இருக்கிறது. உருண்டையான பூமியில் அது வரைபடத்தில் தெரிகிற மாதிரி இருப்பதில்லை. சென்னையிலிருந்து சிட்னிக்கு ஆகக் குறுகிய வான்வழி சுமார் 9,100 கிலோமீட்டர். சிங்கப்பூரில் இறங்கி ஏறினால் சுமார் 9,200. சுற்று என்றே சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் தமிழருக்கு சாங்கி வழியிலேயே இருக்கிறது. நியூயார்க் என்றால் நேர்மாறு: குறுகிய வழி சுமார் 13,500, சிங்கப்பூர் வழியாக 18,000க்கும் மேல். மேற்கே போக வேண்டியவர் முதலில் கிழக்கே 2,900 கிலோமீட்டர் போகிறார். உலகின் மிக நீண்ட இடைநில்லா விமானப் பயணம் போன பெருமைக்காக வேண்டுமானால் போகலாம். துபாயும் தோஹாவும் அங்கேதான் சிங்கப்பூரை வெல்கின்றன. சேவையால் அல்ல, பூகோளத்தால்.

திருச்சி, கோவைக்காரர்களுக்கு வருவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸே அல்ல, அதன் துணை நிறுவனமான ஸ்கூட். சாப்பாட்டுக்கும் பெட்டிக்கும் தனிக் காசு, கால் நீட்ட இடம் இன்னும் குறைவு. ஆனால் இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வரும் தொழிலாளிக்கு, சென்னையில் இறங்கி இரவெல்லாம் பஸ்ஸில் வருவதை மிச்சப்படுத்துவதைவிடப் பெரிய சொகுசு எந்தப் பிசினஸ் கிளாஸிலும் கிடையாது. சுமார் நான்கு மணி நேரத்தில் உடம்பு எதற்கும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது.

வகுப்பு, விமானம், வழி என்று இதுவரை பிரித்த எல்லாரையும் ஒன்றாக்கிய சம்பவம் ஒன்று உண்டு. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த எஸ்க்யூ 321, மியான்மாருக்கு மேலே 37,000 அடியில் கடும் கொந்தளிப்பில் சிக்கியது. 211 பயணிகள், 18 ஊழியர்கள். விசாரணையின் முதற்கட்ட அறிக்கை சொல்லும் கணக்கு இது: 0.6 விநாடிக்குள் ஈர்ப்பு விசை கூட்டல் 1.35 மடங்கிலிருந்து கழித்தல் 1.5 மடங்குக்கு மாறியது. கழித்தல் என்றால் கூரை தரையாகிவிட்டது என்று பொருள். அறுபது கிலோ எடையுள்ளவரைத் தொண்ணூறு கிலோ விசை கூரையை நோக்கி இழுக்கிறது. அடுத்த நான்கு விநாடிக்குள் அதே அளவு விசை கீழே இழுத்தது. விமானம் இறங்கியது மொத்தம் 178 அடிதான். பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதி விழுந்தார்கள். ஒருவர் இறந்தார், பலருக்குத் தலையிலும் முதுகெலும்பிலும் காயம். பெல்ட் போடுங்கள் என்ற விளக்கு எரிந்ததாக விமானி சொன்னதற்கும் அந்த வீழ்ச்சிக்கும் இடையே இருந்தது எட்டு விநாடி. கழிப்பறை வரிசையில் நிற்பவர் எட்டு விநாடியில் தன் சீட்டுக்குத் திரும்ப முடியாது.

அதன் பிறகு அந்த நிறுவனம் பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானம் மட்டுமல்ல, சாப்பாடு பரிமாறுவதையும் நிறுத்திவிட்டது. தட்டு வரத் தாமதமானால் கோபிக்காதீர்கள். விளக்கு அணைந்த பிறகும், சீட்டில் இருக்கும் வரை பெல்ட்டை இடுப்பில் தளர்வாக விட்டுவையுங்கள். தூங்குவதானால் போர்வைக்கு உள்ளே அல்ல, போர்வைக்கு மேலே மாட்டுங்கள். பணிப்பெண் பார்த்துவிட்டு உங்களை எழுப்பாமல் போவார்.